கட்டித் தருகிறோம் என்றார்கள்



நீண்ட நாள்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுத இயலவில்லை. தேர்வுத்தாள் திருத்தும் பணி ஒருபுறமிருக்க, மூன்று வாரங்களாக என் மாலைப் பொழுதுகளை ஓர் ஆவணம் விழுங்கிக் கொண்டிருந்தது. மொத்தம் 14 பக்கங்கள். மலாய் மொழியில், வண்ணப் படங்களுடன், வழவழப்பான தாளில் அச்சிடப்பட்டிருந்தது. அதைப் படித்தபோது எழுந்த எண்ணங்களையே இன்று பகிர்ந்துகொள்கிறேன். பிற தமிழ்ப்பள்ளிகளுக்கும் இத்தகைய ஆவணம் ஒருநாள் வந்து சேரக்கூடும்.

எங்கள் பள்ளி அரசின் பகுதி உதவி பெறும் பள்ளி. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்தின் நடுவே இருந்தது. இன்று தோட்டமில்லை, சுற்றிலும் தாமான்கள். ஏறத்தாழ மூன்று ஏக்கர் நிலத்தைத் தோட்ட நிர்வாகம் போகிறபோது பள்ளி வாரியத்தின் அறங்காவலர்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. மாணவர்கள் 86 பேர். பாதி மரத்தாலும் பாதி கல்லாலுமான பழைய கட்டடம். மூன்றாம் ஆண்டு வகுப்பறையின் கூரை ஒழுகுவது எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. மழை பெய்தால் மாணவர்களே எழுந்து வாளிகளை உரிய இடத்தில் வைத்துவிடுவார்கள். எந்த வாளி எங்கே என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்நிலையில், அருகில் வீடுகள் கட்டிவரும் மேம்பாட்டு நிறுவனம் ஒன்று வாரியத்தை அணுகியது. 12 வகுப்பறைகள் கொண்ட மூன்று மாடிக் கட்டடம், கீழ்த்தளத்தில் ஒரு மண்டபம். மதிப்பு 40 இலட்சம் ரிங்கிட். பள்ளி ஒரு சென்னும் தர வேண்டியதில்லை. மாறாக, சாலையோரமாக உள்ள ஓர் ஏக்கரை 30 ஆண்டுகளுக்குக் குத்தகைக்குத் தர வேண்டும். அங்கே 16 கடைவீடுகளை அவர்கள் கட்டி வாடகைக்கு விடுவார்கள். மண்டபத்தை மாலையிலும் வார இறுதியிலும் அவர்களே நிர்வகிப்பார்கள்.

கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன், மறைக்கவில்லை. "அரசாங்கமே இப்படித்தான் செய்யச் சொல்லுது. இதுதான் இப்ப வழி" என்றார் வாரியத் தலைவர். பிறகு தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பி, "டீச்சர், நீங்கதானே ஆறாம் ஆண்டுக்குக் கணக்குப் போதிக்கிறீங்க. பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளரும் நீங்கதான். இதை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று ஆவணத்தை நீட்டினார்.

தலைவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. நம் நாட்டில் தனியார்மயக் கொள்கை 1983இல் தொடங்கியது. ஒன்பதாவது மலேசியத் திட்டத்தில், அதாவது 2006இல், தனியார் முதலில் பணம் போட்டுக் கட்டிவிட்டு அரசிடமிருந்து ஆண்டுதோறும் கட்டணம் பெறும் முறை அறிவிக்கப்பட்டது. 2009இல் பிரதமர் துறையின் கீழ் 'ஊக்காஸ்' எனப்படும் அரசு - தனியார் கூட்டாண்மைப் பிரிவு அமைந்தது. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கிளை வளாகங்கள் சில இம்முறையில் எழுந்தவையே. நிறுவனம் கட்டும், பல்கலைக்கழகத்திற்கு வாடகைக்கு விடும், ஏறத்தாழ 20 ஆண்டுகள் பராமரிக்கும், பின்னர் ஒப்படைத்துவிடும். 2024 செப்டம்பரில் வெளியிடப்பட்ட கூட்டாண்மைப் பெருந்திட்டம், 2030க்குள் 78 பில்லியன் ரிங்கிட் தனியார் முதலீட்டை ஈர்ப்பதை இலக்காகக் கொண்டுள்ளது. அந்தப் பெருந்திட்டத்தோடு ஒப்பிட்டால் எங்கள் ஒரு ஏக்கர் கடுகளவுகூட இல்லை. ஆயினும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே என்பது போகப்போகப் புரிந்தது.

இதை எழுதும்போது இன்னொன்றும் மனத்தில் படுகிறது. நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு இந்தக் கூட்டாண்மை புதிதன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்றது. கடமையை விதித்தது அரசு, கட்டியது தனியார். பள்ளி இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொன்னது. அது எப்படிப்பட்ட பள்ளி என்பது பல இடங்களில் தோட்டத்தின் விருப்பமாகவே இருந்தது. கொட்டகையில் நடந்த பள்ளிகளும், கிராணியோ கங்காணியோ ஆசிரியராக நின்ற பள்ளிகளும் நம் முன்னோர் நன்கறிந்தவை. விடுதலைக்குப் பின் ஆசிரியர் சம்பளம் அரசிடம் வந்தது. கட்டடமும் நிலமும் பல தோட்டங்களில் நிர்வாகத்திடமே நின்றுவிட்டன.

நான் அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவள். அப்பா பால்மரம் வெட்டியவர். பள்ளியில் சன்னல் கழன்று விழுந்தால் தலைமையாசிரியர் கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார், ரப்பர் விலை நன்றாக இருந்தால் தோட்டத்துத் தச்சர் வருவார். விலை இறங்கியிருந்தால் சன்னலில் சாக்குத் தொங்கும். நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது தொங்கிய சாக்கு, ஆறாம் ஆண்டு முடித்து வெளியேறியபோதும் தொங்கியது. தோட்டம் கைமாறியதும் பள்ளியையும் காணவில்லை. யார் மேலும் வழக்குப் போட இயலாது. சன்னலைப் பற்றியோ, தோட்டத்தை விற்றால் பள்ளி என்னாகும் என்பதைப் பற்றியோ எந்தத் தாளிலும் ஒரு வரி இல்லை.

ஆகவே ஆவணத்தைக் கையில் எடுத்தபோது சன்னலைத்தான் முதலில் தேடினேன். 14 பக்கங்களில் 'பராமரிப்பு' என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வந்தது, அதுவும் கடைவீடுகளைப் பற்றி.

இத்தகைய கூட்டு முயற்சி உகந்ததா இல்லையா என்று எப்படி மதிப்பிடுவது? நூலகத்தில் கிடைத்தவற்றையும் அரசு அறிக்கைகளையும் படித்தேன். இம்முறையை 1992இல் தொடங்கி உலகுக்குக் காட்டிய நாடு பிரிட்டன். அங்குள்ள தேசியத் தணிக்கை அலுவலகம் 2018 சனவரியில் வெளியிட்ட அறிக்கைப்படி 700க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் நடப்பில் இருந்தன. 2016 - 17இல் மட்டும் அவற்றுக்காகச் செலுத்திய தொகை 10.3 பில்லியன் பவுண்டு. ஒரு தொகுதிப் பள்ளிகளை ஆராய்ந்ததில், அரசே கடன் வாங்கிக் கட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல் என்றும் அவ்வறிக்கை கூறியது. அதே ஆண்டு அக்டோபரில், இனிப் புதிய ஒப்பந்தங்கள் இல்லை என்று அந்நாட்டு நிதியமைச்சர் அறிவித்துவிட்டார்.

40 விழுக்காடு எங்கிருந்து வருகிறது என்பது வீட்டுக் கடன் கட்டுகிறவர்களுக்கு எளிதில் விளங்கும். 40 இலட்சம் ரிங்கிட்டை 20 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாகக் கொள்வோம். வட்டி 4 விழுக்காடென்றால் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 2,94,300. நிறுவனம் தன் கடனுக்கும் இலாபத்திற்கும் சேர்த்து 8 விழுக்காடு எதிர்பார்த்தால் தவணை 4,07,400. செங்கல், சிமெண்டு, கம்பி எல்லாம் ஒன்றே. வட்டியால் மட்டும் 38 விழுக்காடு கூடிவிடுகிறது. அரசு பொதுவாகத் தனியாரைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் பெறும். அப்படியிருந்தும் தனியாரிடம் போவதென்றால், அந்த வேறுபாட்டுக்கு ஈடாக வேறொன்று கிடைத்தாக வேண்டும்.

ஈடாகச் சொல்லப்படுவது இரண்டு. கட்டடம் குறித்த காலத்தில், குறித்த விலையில் முடியும் என்பது ஒன்று. இதை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. அதே தணிக்கை அலுவலகம் 2003இல் ஆராய்ந்தபோது, இத்தகைய திட்டங்களில் தாமதமானவை 24 விழுக்காடு. முன்பு வழக்கமான முறையில் கட்டியவற்றில் 70 விழுக்காடு தாமதமாகியிருந்தன. நம் நாட்டில் அடிக்கல் நாட்டிய பெயர்ப்பலகை மட்டும் ஆண்டுக்கணக்கில் நின்ற பள்ளிகளைப் பார்த்தவர்கள் இந்த எண்களை அலட்சியம் செய்யமாட்டார்கள். கட்டியவரே 20, 25 ஆண்டுகள் பராமரிக்க வேண்டியிருப்பதால் கூரையை முதலிலேயே நன்றாகப் போடுவார் என்பது மற்றொன்று. சிங்கப்பூரில் 2010இல் திறக்கப்பட்ட தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மேற்குக் கல்லூரி இந்த எண்ணத்தில் உருவானதே. வடிவமைப்பு, கட்டுமானம், நெடுங்காலப் பராமரிப்பு அனைத்தும் ஒரே கையில்.

அப்படியானால் பராமரிப்பு இல்லாத கூட்டாண்மைக்கு என்ன பொருள்? எங்கள் ஆவணத்தில் சாவி ஒப்படைக்கும் நாளோடு கட்டடத்திற்கும் நிறுவனத்திற்கும் உறவு முடிந்துவிடுகிறது. கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும் ஒரே நன்மையைக் கழித்துவிட்டு மீதியை நீட்டியிருந்தார்கள்.

ஆசிரியர்களாகிய நாம் இதன் சிறு வடிவத்தை அன்றாடம் காண்கிறோம். பள்ளித் துப்புரவுப் பணி குத்தகை நிறுவனங்களிடம் உள்ளது. கழிவறையைக் கழுவுவது அவர்கள் பொறுப்பு. குழாய் உடைந்து தண்ணீரில்லாமல் கழுவ முடியாமற் போனால், குழாய் அவர்கள் பொறுப்பன்று. அந்த அக்காமார்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தாளில் இருப்பதைத்தான் அவர்கள் செய்ய முடியும். எழுதப்படாத குழாய்க்காக நான் எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நடந்ததைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2016 சனவரி 29 அன்று வீசிய புயலில், ஆக்ஸ்கேங்ஸ் தொடக்கப்பள்ளியின் வெளிச்சுவர் ஒன்று சரிந்தது. விழுந்த கல்லின் எடை ஏறத்தாழ 9 டன். பிள்ளைகள் வந்து சேராத அதிகாலை வேளை, அதனால் உயிர்ச்சேதமில்லை. பள்ளி கட்டி முடிந்து பதினோர் ஆண்டுகளே ஆகியிருந்தன. கூட்டாண்மை முறையில் கட்டியதுதான். இரட்டைச் சுவர்களைப் பிணைக்கும் கம்பிக் கட்டுகள் போதிய ஆழத்தில் பதிக்கப்படவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. ஏப்ரலில் அதே ஒப்பந்தத்தின் கீழ் வந்த 17 பள்ளிகளை மூடினார்கள். ஆயிரக்கணக்கான மாணவர்கள் பேருந்தில் வேறு பள்ளிகளுக்குப் போனார்கள்.

இதைப் பற்றி 2017 பிப்ரவரியில் வெளிவந்த விசாரணை அறிக்கை, குறையைத் தனியார் பணத்தின் தலையில் மொத்தமாகக் கட்டிவிடவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதால் சுவர் விழவில்லை. சுவர் எழும்பும்போது வாடிக்கையாளர் சார்பில் அருகில் நின்று பார்க்கத் தனி ஆள் இல்லை என்பதே பெருங்குறை. எல்லாம் ஒரே கையில் இருப்பதால், சரிபார்ப்பவரும் அதே கையில் இருந்துவிட்டார். மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ள நாம் விடுவோமா? எங்கள் ஆவணத்தின் 9ஆம் பக்கத்தில், 'நிறுவனம் நியமிக்கும் பொறியாளர் சான்றளிப்பார்' என்றிருந்தது. அவ்வரியின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டேன். கை தானாகவே சிவப்புப் பேனாவைத்தான் எடுத்தது.

இனி 12 வகுப்பறைகளுக்கு வருகிறேன். 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அமைச்சு வகைப்படுத்துகிறது. நாங்கள் அந்தப் பட்டியலில் நெடுங்காலமாக இருக்கிறோம். புதிய கட்டடம் வந்தால் பிள்ளைகளும் வருவார்கள் என்பது நம் எல்லாருடைய நம்பிக்கை. தாமானில் 600 வீடுகள் வரப்போகின்றன என்றார்கள். அவற்றில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள், அவர்களில் எத்தனை பேர் தமிழ்ப்பள்ளியை நாடுவார்கள் என்று கேட்டபோது கூட்டம் சற்று அமைதியாகிவிட்டது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பார்க்லண்ட்ஸ் என்னும் உயர்நிலைப்பள்ளியை 2002இல் இதே முறையில் கட்டினார்கள். மாணவர் குறைந்து 2014இல் பள்ளி மூடப்பட்டது. ஒப்பந்தம் மூடவில்லை. பிள்ளைகளில்லாத கட்டடத்திற்கு நகராண்மை ஆண்டுக்கு ஏறத்தாழ 40 இலட்சம் பவுண்டு 2028 வரை செலுத்த வேண்டிய நிலை. நாங்கள் பணம் செலுத்தப் போவதில்லைதான். ஆனால் 12 அறைகளில் ஆறு பூட்டிக் கிடந்தால், அந்த ஆறுக்கும் சேர்த்துத்தான் ஓர் ஏக்கரைக் கொடுத்திருப்போம்.

இப்போது அந்த ஓர் ஏக்கரின் கணக்கு. பணம் கைமாறாததால் கூட்டத்தில் எவரும் இதைக் கணக்காகவே கருதவில்லை. 'இலவசம்' என்ற சொல்லே பல முறை ஒலித்தது. விரிதாளில் எழுதிப் பார்த்தேன். 16 இரட்டை மாடிக் கடைவீடுகள், மேலும் கீழுமாக ஒன்றுக்கு மாதம் 3,500 ரிங்கிட் வாடகை. எங்கள் வட்டாரத்தில் விசாரித்துப் போட்ட எண் இது. ஆண்டுக்கு 6,72,000. முப்பது ஆண்டு வாடகையை 8 விழுக்காட்டில் இன்றைய மதிப்புக்குக் கொண்டு வந்தால் ஏறத்தாழ 75 இலட்சத்து 65 ஆயிரம். கடைகளைக் கட்ட ஒன்றுக்கு 2,20,000 வீதம் 35 இலட்சத்து 20 ஆயிரம் போகும். எஞ்சுவது 40 இலட்சத்து 45 ஆயிரம்.

நான் திகைத்துப்போனேன். உண்மையைச் சொன்னால், அவர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று நிறுவும் எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன். கணக்கோ, 40 இலட்சத்திற்கு 40 இலட்சம் என்று நேராக வந்து நிற்கிறது. இரண்டு முறை சரிபார்த்தேன். வாடகை முப்பது ஆண்டும் ஏறாது என்று வைத்தால் இது நியாயமான பண்டமாற்று. ஆண்டுக்கு 2 விழுக்காடு ஏறும் என்று வைத்தால் நிறுவனத்திற்கு 16 இலட்சத்திற்கும் மேல் மிஞ்சும். மண்டப வாடகை தனி. ஆனால் அவர்கள் ஏற்கும் இடரும் இருக்கிறது. கடைகள் காலியாகவும் கிடக்கலாம். ஆகவே கொள்ளை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. விலையில் பெரிய குற்றமில்லை. எழுதாமல் விட்டவற்றில்தான் இருந்தது. பேரம் பேச இடமிருக்கிறது என்பதும், அந்த 16 இலட்சத்திலிருந்துதான் பராமரிப்பையும் பொறியாளரையும் கேட்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெளிந்தன.

மண்டபத்தைப் பற்றி ஒரு சொல். சிங்கப்பூரின் விளையாட்டு மையத்தை 2014இல் கூட்டாண்மையில் திறந்தார்கள். ஒப்பந்தக் காலம் 25 ஆண்டுகள். 2022 டிசம்பரில் அரசே அதைப் பொறுப்பேற்றுக்கொண்டது. பொதுமக்களும் சமூகமும் அதை இன்னும் கூடுதலாகப் பயன்படுத்த வழி செய்வது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. பொதுவுக்கென்று கட்டிய இடம் எப்போது பொதுவுக்குக் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பது எவ்வளவு கடினமென்று இதிலிருந்து தெரிகிறது. எங்கள் பள்ளியின் விளையாட்டுப் பரிசளிப்பு, பொங்கல் விழா, பெற்றோர் கூட்டம் எல்லாம் சனிக்கிழமைகளில்தான். சனிக்கிழமை மண்டபமோ, திருமண விருந்துக்கு.

சட்டத்தையும் பார்த்தேன். 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டப்படி, ஒரு நிலத்தின் பகுதியை மட்டும் குத்தகைக்கு விடுவதென்றால் 30 ஆண்டுகளே உச்சவரம்பு. அந்த முப்பது எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று. நிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும், அதற்கான கட்டணத்தை யார் தருவது என்பதும் எழுதப்படவில்லை. முப்பதாம் ஆண்டு முடிவில் கடைவீடுகள் யாருக்கு என்பதும் இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, கிராண்டை எடுத்துப் பார்த்தபோது, அதில் பெயருள்ள மூன்று அறங்காவலர்களில் இருவர் காலமாகிவிட்டனர். புதியவர்களைப் பதிவு செய்யவே இல்லை. கையொப்பமிட உரிமையுள்ளவர் ஒருவர்; வயது 81. (உங்கள் பள்ளி பகுதி உதவி பெறுவதாயின் இந்த வாரமே கிராண்டை எடுத்துப் பாருங்கள். மற்றவை பிறகு.)

இவற்றையெல்லாம் இரண்டு பக்கமாகச் சுருக்கி அடுத்த கூட்டத்தில் படித்தேன். பத்தாண்டுப் பராமரிப்பு, வாரியம் நியமித்து நிறுவனம் சம்பளம் தரும் தனிப் பொறியாளர், ஆண்டுக்கு 12 சனிக்கிழமைகள் மண்டபம் பள்ளிக்கு, குத்தகை முடிந்ததும் கடைகள் பள்ளிக்கே. இத்துடன், முதலில் எட்டு வகுப்பறைகள் மட்டும் கட்டி, மிச்சமாகும் பணத்தைப் பராமரிப்பு நிதியாக வைக்கலாம் என்றேன்.

படித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தந்தை எழுந்தார். லோரி ஓட்டுபவர், மூன்றாம் ஆண்டு மாணவனின் அப்பா. "டீச்சர், நீங்க சொல்றது எல்லாம் சரிதான். ஆனா உங்களுக்கு மாற்றல் வந்தா நீங்க போயிடுவீங்க. என் பையன் இன்னும் மூணு வருசம் இங்கதான் இருக்கணும். நீங்க கேள்வி கேட்டுக் கேட்டு அவங்க வேணாம்னு போயிட்டா, அந்த வாளியை யார் எடுப்பாங்க?"

என்னிடம் பதிலில்லை. அவர் கேட்டதுதான் கூட்டாண்மைக் கணக்கின் முதல் வரி என்று வீட்டுக்கு வரும் வழியில் தோன்றியது. பிரிட்டனில் ஒப்பிட்டது அரசு கட்டினால் ஆகும் செலவோடு. எங்களுக்கு அந்த ஒப்பீடு பொருந்துமா? கூரை மானியத்திற்கு விண்ணப்பித்து ஆண்டுகள் ஆகின்றன. எங்களுக்கு முன்னுள்ள மாற்று வழி 4 விழுக்காட்டுக் கடனன்று, அந்த வாளிகள்தாம். என் இரண்டு பக்கத்தில் வாளிக்கு ஒரு வரியும் ஒதுக்காதது என் பிழை. ஆனால் வாளிக்குப் பயந்து தோட்டத்துச் சன்னலை மீண்டும் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டால், அதற்கும் என் மனம் இசையவில்லை.

மறுநாள் இடைவேளையில் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அண்ணே, கூரையையும் ஒப்பந்தத்தையும் தனித்தனியா பார்ப்போமா?" என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்தவர், "தகரம் வாங்கிக் குடுங்க டீச்சர், நாலு பேரைக் கூட்டிட்டு வர்றேன்" என்றார். சங்க நிதியிலிருந்து 1,850 ரிங்கிட் எடுக்கச் செயலவை ஒப்புதல் தந்துவிட்டது. அவசரம் குறைந்தால் பேரத்தில் எங்கள் குரல் சற்று நிமிரும் என்பதைத் தலைமையாசிரியரும் ஒப்புக்கொண்டார்.

நிறுவனம் இதுவரை வாய்மொழியாகவே பதில் கூறியுள்ளது. பராமரிப்பு ஐந்தாண்டுகளுக்குச் சரி, பத்துக்கு இயலாது. எட்டு வகுப்பறைகள் என்பதில் அவர்களுக்கு மகிழ்ச்சியே. மண்டபத்தைப் பற்றிப் பேசலாம். தனிப் பொறியாளர் தேவையில்லை, தங்கள் பொறியாளர் 20 ஆண்டு அனுபவமுள்ளவர். கடைகளைப் பற்றிப் பேச்சில்லை. எல்லாவற்றையும் எழுத்தில் தரும்படி வாரியம் கடிதம் அனுப்பியிருக்கிறது. பொறியாளரை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாமென்று நான் தலைவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் தலையசைத்தார். அது ஆமாவா, பார்ப்போமா என்று தெரியவில்லை. அறங்காவலர் பெயர் மாற்றத்திற்காக 81 வயதுப் பெரியவரை வரும் செவ்வாய்க்கிழமை நில அலுவலகத்திற்கு அழைத்துச் செல்கிறோம்.

தகரம் போடும் வேலை வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. ஏணி ஒன்றுதான் இருக்கிறது. நம் பள்ளிப் பெற்றோரில் எவரிடமாவது நீண்ட ஏணி இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தெரிவியுங்கள்.